தண்ணீர் ஊற்றாத இரண்டு பெண்கள்

எங்கள் தெருவில் செத்துப்போன பெண்களின் உடலை, மய்யித்தை, குளிப்பாட்டுகிறவள் ஹோசியத். நல்லவள் என்று சொல்ல மாட்டேன். இழவு வீட்டில் சோப்பு மட்டமாக இருந்தால் அங்கேயே சண்டை பிடிப்பாள். செத்தவளின் சால்வை வழக்கப்படி தனக்கு வரவேண்டும் என்று கண்ணை அதிலேயே வைத்திருப்பாள். ஆனால் கைவேலை சுத்தம். நான் மருத்துவமனையில் செவிலியாக இருந்து ஓய்ந்தவள். உடம்பைப் புரட்டத் தெரிந்தவர்கள் குறைவு, அவளுக்குத் தெரியும்.

வக்‌ஷ் ஆற்றோரம் பருத்தி பறிக்க, எங்கள் பெற்றோர் காலத்தில் மலையிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்கள் நாங்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்தார் வேறு மலையிலிருந்து வந்தவர்கள். சோவியத் போனதும் வந்த சண்டையில் கால்வாயே எல்லை ஆனது.

அந்த இலையுதிர்காலத்தில், மாவு வாங்கப் போன எங்கள் பேருந்தை அவர்கள் ஆட்கள் சுட்டார்கள். அதில் குலந்தோமின் மூத்த மகள் செத்தாள். குலந்தோம் ஹோசியத்துக்குச் சம்பந்தி. அவளுடைய இளைய மகள் சைனுராதான் ஹோசியத்தின் மருமகள். ஹோசியத் வெந்நீரோடு போனாள். முல்லா தடுத்தார். அநியாயமாகக் கொல்லப்பட்டவள் ஷஹீத், ஷஹீதைக் குளிப்பாட்டுவதில்லை, ரத்தம் படிந்த உடுப்போடேயே அடக்கம் என்றார். ஊரே அழுதது. தலைநகரிலிருந்து கேமராவோடு வந்தார்கள். சுட்டவர்கள் மனிதர்களா என்று கசாப்புக்காரன்கூடக் கேட்டான்.

சில நாளில் எங்கள் பையன்கள் கால்வாயைத் தாண்டினார்கள். பருத்தி எடைக் கொட்டகையில் பெண்கள் செத்துக் கிடப்பதாகச் செய்தி வந்தது. யாரும் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. சும்மாவா சுட்டிருப்பார்கள், அந்தப் பெண்கள் எதையாவது ஒளித்து வைத்திருப்பார்கள் என்று ரொட்டி அடுப்பருகே பேசிக்கொண்டார்கள். கேமராவும் வரவில்லை.

மறுநாள் அந்தப் பக்கத்துக் கிழவர் நஸ்ரி, குச்சியில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஹோசியத்தின் வாசலுக்கு வந்தார். கொட்டகையில் கிடந்தவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி. அவர்கள் ஊரில் மய்யித்து வேலை தெரிந்த பெண்கள் ஓடிவிட்டார்களாம். நானும் குலந்தோமும் அங்கேதான் இருந்தோம். சைனுராவுக்குத் தலைப்பிரசவம், தாய்வீட்டில். அதைப் பற்றித்தான் பேச்சு.

குலந்தோம் எழுந்து வாசலை மறித்தாள்.

"அவளுக்கு நீ ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா, சம்பந்தி, என் வாசப்படி உனக்குக் கிடையாது. பேரப்புள்ளையும் கிடையாது."

நஸ்ரி நிமிரவில்லை. "தண்ணி வேணாம், தங்கச்சி. எங்க முல்லாவும் ஷஹீத்னுட்டார். உடுப்புக்கு மேல கஃபன் துணி சுத்த ஒரு பொம்பளை கை வேணும், அவ்வளவுதான்."

குலந்தோமின் முகம் மாறியது. "அவளா ஷஹீத்? எம்மவளும் அவளும் ஒண்ணா? போ ஹோசியத், நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டு. சுடுதண்ணி நானே வெச்சுத் தரேன்."

ஹோசியத் தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். கஃபன் துணி இருக்கிறதா என்று கிழவரிடம் கேட்டாள். பிறகு குலந்தோமைப் பார்த்தாள்.

"உம்மவளுக்கு ஊத்தல. இவளுக்கும் ஊத்தல. சொம்பு வீட்லயே கெடக்கட்டும்."

போய்விட்டாள். திரும்பி வரும்போது தெருவில் ஒருத்தரும் சலாம் சொல்லவில்லை.

குளிரில் சைனுராவுக்கு வலி கண்டது. பிரசவம் பார்த்தது நான். பெண் குழந்தை, நல்ல குரல். ஹோசியத் கதவுக்கு வெளியே பனியில் நின்றாள். திறக்கச் சொன்னேன்.

"நீயும் அந்தப் பக்கமா?" என்றாள் குலந்தோம்.

"நான் தொப்புள்கொடிப் பக்கம். கதவத் தொற."

திறக்கவில்லை. நாற்பது நாள் முடிந்து தாயையும் பிள்ளையையும் தொட்டிலோடு புகுந்த வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். அனுப்பவில்லை. ஹோசியத்தின் மகன் அந்த ஆண்டு வசந்தத்தில், சண்டைக்குச் சற்று முன்பு, ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். வழி அடைபட்டதால் வரமுடியவில்லை. எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் ஹோசியத்துக்காக நான் கேட்டேன். குலந்தோம் மகளைப் பறிகொடுத்தவள், அவளை நோகடிக்காதே என்றார்கள். நஸ்ரி யாரைப் பறிகொடுத்தார் என்று கேட்டதற்கு, பேச்சை மாற்றாதே என்றார்கள்.

சைனுரா குழந்தைத் துணிகளை முற்றத்தில் காயப்போடாமல் தெருப்பக்க மதில்மேல் போட ஆரம்பித்தாள். குலந்தோமுக்குத் தெரியாமல் இல்லை. அவள் எடுத்து உள்ளே போடவும் இல்லை.

ஹோசியத்துக்கு அந்த வழியில் ஒரு வேலையும் கிடையாது. இருந்தும் தினமும் போனாள். ஒருநாள் மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்தாள்.

"துணியில சோப்பு சரியாப் போகல. வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. புள்ளைக்குத் தோலு பொரிஞ்சுடும். நீ உள்ள போக முடியுமில்ல, போய்ச் சொல்லு. இன்னொரு தண்ணி ஊத்தி அலசச் சொல்லு."

போய்ச் சொன்னேன். யார் சொன்னது என்று குலந்தோம் கேட்டாள். பெயரைச் சொன்னேன். அவள் எழுந்து, துணிகளை அலச வாளியை எடுத்தாள்.