கட்டுமாவடிக் கரும்பலகையில் நான் சேர்த்த ஒரு சொல்

மார்கழியில் கட்டுமாவடிக்குப் போகலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். போகலாம். சென்ற மார்கழியில் நான் போய்வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்த பிறகே இதை எழுதுகிறேன்.

என் மகள் வெண்ணிலா அங்கே அறிவியல் ஆசிரியை. மூன்று ஆண்டுகளாக, தினமும் மாலை ஐந்து மணிக்கு மீன் ஏலக்கொட்டகைக் கரும்பலகையில் மறுநாள் கடல் எப்படி இருக்கும் என்று எழுதுகிறாள். அரசு வானிலை அறிவிப்பையும் காற்று வரைபடங்களையும் பார்த்து, அந்தக் கரைக்குத் தேவையானதை இரண்டே வரியில் எழுதுவாள். அதை ஒருமுறை நேரில் பார்க்க ஆசை.

புதன்கிழமை திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் பிடித்து, புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் 11.10க்கு அறந்தாங்கி வண்டி ஏறினேன். ஒரு மணி நேரம், 35 ரூபாய். அங்கே 12.40க்குக் கட்டுமாவடி வண்டி. ஐம்பது நிமிடம், 28 ரூபாய். இரண்டிலும் இடது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. மார்கழியில் வெயிலா என்று கேட்காதீர்கள். பத்து நாளாக மழையும் இல்லை, குளிரும் இல்லை. கொண்டுபோன ஸ்வெட்டர் பைக்குள்ளேயே கிடந்தது.

மாலையில் கடல் குளம்போல் கிடந்தது. வெண்ணிலா பலகையைத் துடைத்துவிட்டு எழுதினாள்: ‘நாளை காலை 9 மணிக்கு மேல் புயல் காற்று. படகு இறக்க வேண்டாம்.’

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நண்டு நன்றாகக் கிடைத்துவந்த வாரம் அது. வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர், “வானத்தக் கழுவி விட்ட மாதிரி இருக்கு டீச்சர். லீவு விடுறதெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சுக்கங்க” என்றார்.

“அதிகாலை மூணு மணிக்குக் கிளம்புனா ஒம்பது மணிக்கு நடுக்கடல்ல இருப்பீங்கண்ணே. போகாதீங்க” என்றாள் அவள். சாக்பீஸைப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

எனக்குத்தான் கவலையாக இருந்தது. போன மாதம் அவள் எழுதிய மழை ஒன்று வராமல் போய், இரண்டு வாரம் ‘டீச்சர் மழை’ என்று ஊரே கேலி செய்ததாம். இதுவும் பொய்த்தால் அடுத்த முறை யார் கேட்பார்கள்? வீட்டுக்கு நடக்கும்போது, “வரலாம்னு போட்டிருக்கலாமேம்மா” என்றேன்.

“வரலாம்னு போட்டா போயிருவாங்கப்பா.”

நான் முப்பத்தொரு ஆண்டு நில அளவைத் துறையில் இருந்தவன். நிச்சயமில்லாத அளவுக்குப் பக்கத்தில் ‘சுமார்’ போடாமல் கையெழுத்திட்டதில்லை. ஆறரை மணிக்கு, கடை வரை போய்வருகிறேன் என்று கொட்டகைக்குத் திரும்பினேன். யாருமில்லை. பலகைக்குக் கீழே சாக்பீஸ் கிடந்தது. ‘புயல் காற்று’ என்பதற்கு முன்னால் ‘ஒருவேளை’ என்று எழுதிவிட்டு வந்தேன்.

இரவு சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் அவள் சொன்னது உறைத்தது. என் ஒரு சொல்லை நம்பி யாராவது படகை இறக்கிவிட்டால்? அவளை எழுப்பிச் சொல்லவும் தைரியமில்லை. எப்போது கண்ணயர்ந்தேனோ, விழித்தபோது மணி ஐந்தரை; படகு கிளம்பும் மூன்று மணி எப்போதோ தாண்டியிருந்தது. கரைக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

படகுகள் எல்லாம் கரையில் இருந்தன. மேட்டுக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். பலகையில் ‘ஒருவேளை’ இல்லை.

கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் காளியம்மாள், மீன் ஏலம் கூறுபவர். அவரே சொன்னார்: “எவனோ ஒரு பயந்தாங்கொள்ளி கிறுக்கிட்டுப் போயிருந்தான்யா. நான்தான் முந்தானையால அழிச்சேன்.”

“டீச்சர் எழுதலைன்னு எப்படித் தெரியும்?”

“டீச்சர் ஒருவேளைன்னு ஒரு நாளும் போட மாட்டாக. தெரியலைன்னா தெரியலைன்னே எழுதிருவாக. போன மாசம் மழை வரலைன்னதும், நான் சொன்னது தப்புன்னு அவுகளே இங்கிட்டு வந்து எழுதிப் போட்டாக. அப்படி எழுதுறவுக போகாதேன்னா போகக் கூடாதுய்யா. நேத்து கேலி பண்ணுனவன்தான் மொதப் படகைக் கட்டுனான்.”

“அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தாம்மா. டீச்சரோட அப்பா” என்றேன்.

அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒங்களுக்கா அந்தப் புள்ள பொறந்துச்சு?”

9.40க்குக் காற்று வந்தது. முதலில் கொட்டகைத் தகரம் படபடத்தது. பத்து மணிக்குக் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். மணலில் நிற்க முடியவில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்ததால் வெண்ணிலா வீட்டில் இருந்தாள். நடந்ததை அவளிடம் சொன்னேன். “நாற்பது நிமிஷம் தப்பிருச்சுப்பா” என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு: புயல் நாட்களில் பேருந்து வருமென்று நம்பிக் கிளம்பாதீர்கள், என்னால் வெள்ளி மதியம்தான் திரும்ப முடிந்தது. தங்கும் விடுதி வேண்டுமென்றால் அறந்தாங்கியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்துக்கு ஏலக்கொட்டகைக்குப் போய்ப் பலகையைப் படியுங்கள். வேண்டாம் என்று எழுதியிருந்தால் வானத்தைப் பார்க்காதீர்கள். காளியம்மாள் இருந்தால், டீச்சரின் அப்பா எழுதியதைப் படித்து வந்தோம் என்று சொல்லுங்கள். அவர் என்னைப் பற்றிச் சொல்லப்போவது எனக்குத் தெரியும். எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான்.