ரொறன்ரோவுக்கு எந்தப் பக்கத்தால் கிட்ட?

சிட்னி ஹரிஸ் பார்க்கில் விமான ரிக்கெற் விற்கிறவளுக்குத் தூரம் என்பது கிலோமீற்றர் இல்லை, தலையிடி. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, கேளுங்கள்.

உருண்டையும் நூலும்

பக்கத்து ஊர் கிரவீனிலிருந்து சிவபாலன் அங்கிள் வந்தார். மகளுக்கு ரொறன்ரோவில் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்க அவர் நிற்க வேண்டும். ஆனால் மனுசனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயலிசிஸ். இங்கே செய்துவிட்டு ஏறினால், அடுத்ததற்கு ரொறன்ரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாக வேண்டும். இடையில் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்படியிருந்தும் லண்டன் வழியாகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஊரிலிருந்து கனடா போன எல்லோரும் லண்டனைத் தாண்டித்தானே போனார்கள்! சுவரிலிருந்த உலகப் படத்தில் சாண் போட்டும் காட்டினார். அதில் நாங்கள் வலது மூலை, கனடா இடது மூலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையிலிருந்த உலக உருண்டையைத் திருப்பி, பசிபிக் கடலுக்கு மேலால் ஒரு நூலைப் பிடித்தேன். இப்படிப் போனால் பதினாறாயிரம் கிலோமீற்றருக்குள் முடியும். லண்டனால் சுற்றினால் கிட்டத்தட்ட ஏழாயிரம் கூட. நூலைப் பார்த்த அங்கிளின் முகம் வெளிறிவிட்டது.

"பிள்ளை, லண்டனில எண்டால் தங்கச்சி இருக்கிறாள். இந்தக் கடலுக்க எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

கெட்டிக்காரியின் நகம்

கடைசியில் வென்றது நான்தான். வன்கூவரில் விமானம் மாறும்படி ரிக்கெற் போட்டேன். புறப்படும் நாளன்று ஆட்களை ஏற்றிவிட்டு, ஏதோ கோளாறு என்று விமானத்தை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். வன்கூவரில் அடுத்த விமானத்தைப் பிடிக்க இருந்த அவகாசம் கணினித் திரையில் என் கண்முன்னே கரைந்தது. அதைத் தவறவிட்டால் மறுநாள்தான் இடம். வன்கூவரில் அவருக்கு ஆஸ்பத்திரியும் ஏற்பாடு இல்லை, ஆட்களும் இல்லை. லண்டன் என்றால் தங்கச்சியாவது ஓடி வந்திருப்பாள். பக்கத்து மேசைக் குமார், சென்னைக்காரன், நான் நகம் கடிப்பதை எட்டிப் பார்த்தான்.

"ஏன்க்கா, நிக்கிற பிளேனுக்கு உங்க நூல்ல கணக்கு இருக்கா?"

மணமகளின் அழைப்பு

ஒருவழியாக விமானம் கிளம்பியது. அதற்குள் ரொறன்ரோவிலிருந்து மகள் திரும்பத் திரும்ப அழைக்கத் தொடங்கிவிட்டாள். அவர் இன்னும் ஆகாயத்தில், ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். அவள் அழவில்லை, அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

"கல்யாணத்தை விடுங்கோ அக்கா. அப்பா ஹொஸ்பிற்றலுக்கு வந்து சேருவாரா? ஜஸ்ட் டெல் மீ."

பக்கத்து இருக்கை

மறுநாள் அழைத்தது அங்கிளே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, கையில் குழாயோடு பேசினார். விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு மன்னார்ப் பெடியனாம், வன்கூவரில் வேலையாம். இறங்கியதும் சக்கர நாற்காலி பிடித்து, வழியில் நின்றவர்களிடமெல்லாம் கெஞ்சி, வாசல் மூடும் தறுவாயில் இவரை அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டிருக்கிறான். அவனைக் கல்யாணத்துக்கும் அழைத்தாயிற்றாம். நான் அழுதுவிட்டேன். அங்கிளுக்கோ திரும்பி வரும் யோசனை.

"வரேக்கையும் அந்தக் கடல் வழியாலயே போடு பிள்ளை. இப்ப வன்கூவரிலயும் எங்கட பெடியன் இருக்கிறான்."

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீற்றர் என்று கணினி நொடியில் சொல்லிவிடும். நடுவில் யார் இருக்கிறார்கள் என்று சொன்னால்தான் எங்கள் ஆட்கள் ரிக்கெற்றை வாங்குவார்கள்.