விற்கப் போன முறுக்கு

பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு நான் ஒருநாளும் நல்ல மதிப்பெண் வாங்கியதில்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்தால் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் அந்த வருடம் ஐப்பசி மழையோடு லாக்கவுட் வந்து கேட்டை மூடிவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல ரயிலுக்குப் புறப்படுவார். எங்கெங்கோ வேலை விசாரித்துவிட்டு மாலையில் வருவார்.

வீட்டிலிருந்தே செய்ய ஏதாவது தொழில் தேடினோம். தையல் மிஷின் எங்கள் வசதிக்கு எட்டாது. அப்பளம் இட்டால் காயவைக்க மொட்டைமாடி வேண்டும்; அது வீட்டுக்காரருடையது. மாடு கட்ட இடமில்லை. முறுக்கு அச்சு மட்டும் வீட்டிலேயே இருந்தது. என் கல்யாணத்துப் பித்தளைக் குடத்தை விற்று அரிசியும் உளுந்தும் எண்ணெயும் வாங்கினோம். இதுவும் போனால் விற்க வேறு குடம் இல்லை.

டிசம்பர் பிறந்திருந்தது. "பண்டிகை நேரம், நல்லா ஓடும். முதல்ல நம்ம வரிசையில காட்டி, ஒண்ணு ருசி பார்க்கச் சொல்லு. வேணும்னா எடை போட்டுத் தரேன்னு சொல்லு" என்றார் என் கணவர்.

"நீங்களே போங்களேன்."

"நான்தான் வேலைக்குப் போயிருக்கேனே."

எவர்சில்வர் தட்டில் முறுக்கை அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி எடுத்துப் போனேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதே தட்டில், அதே துணியால் மூடித்தான் வரிசை வீடுகளுக்குப் பலகாரம் கொண்டுபோவேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

வீட்டுக்காரர் மனைவி கதவைத் திறந்தார். "இன்னாம்மா, கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கீதே. அதுக்குள்ளயா?"

"இல்லக்கா, இது வந்து..."

"இரு, வெறுந்தட்டாத் தரக்கூடாது."

தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். முறுக்கைக் கொட்டிவிட்டு, ஒரு பிடி சர்க்கரை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். சர்க்கரையை வாங்கிக்கொண்ட பிறகு விலையை எப்படிச் சொல்வது? சொன்னால் லாக்கவுட்டும் கூடவே வெளியே வந்துவிடும். காதெல்லாம் சுட்டது. "வரேன்க்கா" என்று திரும்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டு டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க மட்டும்தானா? எங்களை மறந்தாச்சா?"

வீட்டுக்குப் போய் இன்னொரு தட்டு நிரப்பி வந்தேன். ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டைத் தாண்ட முடியாது. அப்படியே வரிசை முழுவதும் கொடுத்தேன். சுட்டதெல்லாம் தீர்ந்துவிட்டது.

மாலையில் அவர் வந்ததும், "வித்துச்சா?" என்றார். கிண்ணத்தில் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கிண்ணத்தைத் தூக்கி எடை பார்த்தார்.

"சரி, டீக்கு ஆச்சு" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. குடம் இருந்த மூலையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விளக்கு வைத்த நேரத்தில் வீட்டுக்காரர் மனைவி வாசலுக்கு வந்தார். "முறுக்கு சோக்கா கீதும்மா. கடையில வாங்கினதான்னு எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. இதெல்லாம் காசு குடுத்தாக் கிடைக்காதுன்னு சொல்லிட்டேன். கிறிஸ்மஸ் அன்னிக்கும் உண்டில்ல?"

உள்ளே என் கணவர் இருமினார்.

"உண்டுக்கா" என்றேன்.

மறுநாள் மீதி மாவைப் பிசைந்து சுட்டேன். அவர் அதை ஒரு டின்னில் போட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், எங்களைத் தெரியாத ஒரு டீக்கடைக்குக் கொண்டுபோனார். மாலையில் காலி டின்னும் சட்டைப்பையில் சில்லறையுமாக வந்தார்.