சில்வர் பேனா வட்டம்

காதில் செருகியிருந்த சில்வர் பேனாவை எடுத்து, கம்ப்யூட்டர் திரையின் மேலேயே வட்டம் போட்டுவிட்டார் ஆரோக்கியமேரி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினான்கு வருடம், தோலில் கீறலும் உண்ணிக்கடியும் தேடி வட்டமிட்ட கை அது. தானாகவே லினக்ஸ் கற்றுக்கொண்டு சிஸ்டம் அறைக்கு மாறி இரண்டு வருடமாகிறது. பேனாவும் கூடவே வந்துவிட்டது. கோளாறு சரியானதும் கட்டைவிரலால் வட்டத்தைத் துடைத்துவிடுவார்.

இன்று வட்டத்துக்குள் இருந்த வரி சொன்னது: இப்படிச் சுருக்கிய கோப்பைப் பிரிக்க எனக்குத் தெரியாது. தோல் வெட்டும் மெஷினின் கம்ப்யூட்டர் அது. காலையில் ஆன் செய்ததும் இங்கேயே நின்றுவிட்டது. தையல் லைனில் நாற்பது பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்பாட்டு மணிக்குள்ள ஓடலன்னா சென்னைலருந்து ஆளக் கூப்டுவேன். அப்புறம் நீ தோல் பாக்குற பழைய டேபிளுக்கே போய்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் மேனேஜர் வாஹித் பாஷா.

"இன்னா பேஜார் பண்ற நீ?" என்று மெஷினைத் திட்டிக்கொண்டிருந்த மேரி சட்டென்று நிறுத்தினார். "நாந்தாங்க பண்ணேன்" என்றார், பக்கத்து நாற்காலியில் இருந்த என்னிடம்.

கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது முதலில் பிரித்துப் படிக்கிற கோப்பு ஒன்று உண்டு. அதற்கான இடம் நேற்று நிறைந்துபோயிருந்தது. பழைய கோப்புகளை எறிய மனம் வராமல், புதியதை இன்னும் இறுக்கிச் சுருக்கித் திணித்துவிட்டார். துண்டுத் தோல்கூட வீணாகாமல் அச்சுகளை நெருக்கி அடுக்குகிற ஊர். இடத்தை விடுவது இவருக்குப் பாவம். அந்தப் பழைய லினக்ஸுக்கோ அவ்வளவு இறுக்கத்தை அவிழ்க்கத் தெரியாது.

பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினார். மனசே இல்லாமல் பழைய கோப்புகள் இரண்டை அழித்தார். கிடைத்த இடத்தில் அதே கோப்பைப் பழைய முறையில் தளர்வாகச் சுருக்கி வைத்தார்.

"ஜாஸ்தி எடம் தின்னும். தின்னட்டும் போ."

திரும்ப ஆன் செய்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெட்டும் கத்தி ஒருமுறை நகர்ந்து தன் இடத்தில் நின்றது. அப்பாடா, எனக்கே உயிர் வந்தது!

வாஹித் பாஷா வந்தபோது மணி பன்னிரண்டரை; சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லை. "சபாஷ்! யார் பண்ண தப்பு இது? மெஷின் கம்பெனிக்காரனா?"

ஆமாம் என்றால் முடிந்தது. என்னைத் தவிர அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? மேரி பேனாவை எடுத்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில், தன் போட்டோவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு நீட்டினார்.

பாஷா அதை வாங்கிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் வட்டத்தைத் துடைத்துவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.