எட்டாவது பனிமேடு

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைக்கும். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸின் மாடிப்படிகள். டெல்லிக்கு வந்த புதிதில், மாற்றலாகிப் போகிற அதிகாரிகளின் வீட்டுச் சாமான்களை நாலாவது மாடியிலிருந்து முதுகில் சுமந்து இறக்கினேன். இன்றைக்குச் சொந்தமாகப் பதினோரு லாரி. ஆர்.கே.புரத்திலும் மோதி பாக்கிலும் என் லாரியில் ஏறாத பீரோ குறைவு. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எனக்குப் பனிச்சறுக்குப் பழக்கம் வந்ததும் லாரியால்தான். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு ராணுவ அதிகாரியின் சாமான்களை உத்தராகண்ட் மலையில் இறக்கப் போனேன். பனி கொட்டி ரோடு அடைத்துவிட்டது. நாலு நாள் மாட்டிக்கொண்டேன். சும்மா உட்காரத் தெரியாதவன் நான். ஸ்கீ என்கிற நீளச் சறுக்குப் பலகைகளை வாடகைக்கு வாங்கிக் காலில் மாட்டினேன். நாலாம் நாள் யார் துணையும் இல்லாமல் சறுக்கி இறங்கினேன். காலேஜ் படித்த பையன்கள் எல்லாம் பக்கத்தில் குப்புறக் கிடந்தார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் பிப்ரவரியில் ஒரு வாரம் மலைக்குப் போய்விடுவேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அந்தப் பெருமைக்காக இல்லை. அந்த மலையில் நான் பட்ட பயத்தை ஒரு தடவை உள்ளபடி எழுதிவிட வேண்டும்.

சறுக்குகிற சரிவு எல்லாம் வழவழவென்று இருக்காது. செங்குத்தான இடத்தில் எல்லோரும் ஒரே தடத்தில் வளைந்து வளைந்து இறங்க, ஒதுங்குகிற பனி குவிந்து மேடாகும். மேடு, பள்ளம், மறுபடி மேடு. தார்ப்பாய் போட்டு மூடின ஸ்கூட்டர்களை மலைச்சரிவில் நெருக்கி நெருக்கி நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். அதற்கு மோகல் என்று பெயர். போன வருஷம் அந்தச் சரிவில் தனியாக இறங்கி, நாலாவது மேட்டில் தூக்கி எறியப்பட்டேன். வலது முட்டி திருகிக்கொண்டது. வீட்டில், கோடவுன் படியில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். டாக்டர் மட்டும் உண்மை தெரிந்தவர். "இன்னொரு தடவை இந்த முட்டி திருகினா கத்திதான் வைக்கணும். அப்புறமும் பழைய நடை வரும்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குச் சரிவு என்றாலே பயம். மேம்பாலத்தில் வண்டி இறங்கும்போதுகூட சீட்டைப் பிடித்துக்கொண்டேன். போகாமல் இருந்திருக்கலாம். வாய் விடவில்லை.

என் மகளை மோதி பாக்கில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு மத்திய அரசு வேலை. சம்பந்தி ரிட்டயரான பெரிய அதிகாரி. எதை எடுத்தாலும் புத்தகம் வாங்கிப் படித்துவிட்டுத்தான் பேசுவார். என்னைப் பார்த்து அவரும் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டார், இரண்டு வருஷமாக. பொங்கலன்று அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மோகல் பற்றி ஆரம்பித்தார்.

"அது நம்ம வயசுக்கு வேண்டாத வேலை சம்பந்தி. டெக்னிக் தெரிஞ்சவங்களுக்கே கஷ்டம்."

"டெக்னிக் என்னங்க டெக்னிக்," என்றேன். "நான் போன வருஷமே இறங்கியாச்சு. ஒரு தடவைகூட விழலையே."

என் மகள் மோர் ஊற்ற வந்தவள், என் காதருகில் குனிந்து, "அப்பா, போதும்" என்றாள். நிறுத்தியிருக்க வேண்டும். "பிப்ரவரியில வாங்க, இறங்கிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சம்பந்தி ஒரு நிமிஷம் இலையையே பார்த்தார். பிறகு, "நானும் கூடவே இறங்கறேன்" என்றார்.

மாப்பிள்ளை, "அச்சா, எல்லாருமே போலாம்" என்று டிக்கெட் போட்டுவிட்டார். இனிப் பின்வாங்கினால், அந்த வீட்டில் வாழ்கிற என் மகள்தான் கேலியைக் கேட்க வேண்டும். ஆறாம் வகுப்பு படித்தவன் வாய் மட்டும் பெரிசு என்று யாரும் நேரில் சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொள்வார்கள். விழுந்தாலோ, முட்டி போய்விடும்.

அந்த ஒரு மாதமும் காலையில் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட மட்டும் இல்லை. பயிற்சிக்குப் படி வேண்டும். அர்ச்சனைத் தட்டை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்கி, படியில் குறுக்கும் நெடுக்குமாக இறங்குவேன். மோகலில் கை எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். கை பின்னால் போனால் உடம்பும் பின்னால் போகும். ஒரு மாமி நாலு நாள் பார்த்துவிட்டு, "முட்டிக்கு ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

மலையில் அன்று மதியத்துக்கு மேல்தான் அந்தச் சரிவின் உச்சிக்குப் போனோம். அதுவே தப்பு. காலை வெயிலில் இளகின பள்ளங்கள் மதியத்துக்கு மேல் நிழல் விழுந்ததும் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கூட வந்த பயிற்சியாளர் மலைக்காரர். முப்பது வயசிருக்கும். அவர் பத்து மேடு இறங்கிக் காட்டினார். மேட்டில் ஏறும்போது முட்டி நெஞ்சுக்கு வருகிறது. மேட்டின் உச்சியில், ஸ்கீயின் இரண்டு முனையும் அந்தரத்தில் நிற்கிற அந்த ஒரு கணத்தில், கையிலிருக்கிற குச்சியை ஊன்றித் திரும்புகிறார். பள்ளத்தில் காலை நீட்டுகிறார். தலை மட்டும் ஒரே மட்டத்தில் போகிறது. கீழே நின்று, "அங்கிள்ஜி, ஆயியே" என்று கூப்பிட்டார்.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க முதல்ல போங்க சம்பந்தி," என்றேன்.

"அதெப்படி? நீங்கதான் பழகினவர். நீங்க போங்க."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை விட்டுட்டு நான் முன்னால போறதாவது."

"அதெல்லாம் பந்தியில சம்பந்தி. இங்க என்ன?"

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். காரில் ஏறுவதானாலும் கோயில் நடையில் நுழைவதானாலும் ஒருவரை ஒருவர் முன்னால் விட்டுக்கொண்டு வாசலை அடைப்போம். அன்றைக்கும் அதே மரியாதை. ஆனால் நான் குச்சி இரண்டையும் பனியில் ஆழமாகக் குத்தி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே சரிவின் அடியில் சிவப்பு ஸ்வெட்டரில் என் மகள் ஒரு புள்ளியாக நின்றாள். பிறகு அந்தப் புள்ளியும் தெரியவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. பயிற்சியாளரும் அதற்குள் மறைந்துவிட்டார். அவசரப்படுத்துகிற குரல் மட்டும் வந்தது. "ஜல்தி, அங்கிள்ஜி."

"சம்பந்தி," என்றார் அவர். குரல் வேறாக இருந்தது. "எனக்குக் கால் வரலை."

ரிட்டயரான பெரிய அதிகாரி சொல்கிறார். எனக்கும் வரவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பீரோ இறக்கும்போது கீழ்ப்பக்கம் நிற்பவன்தான் பாரம் தாங்குகிறவன். அந்த இடத்தில் நான் முப்பது வருஷம் நின்றிருக்கிறேன். "நான் முன்னால போறேன். மூணு திருப்பம், அப்புறம் நிப்பேன். நீங்க என் தடத்துலயே வாங்க" என்றேன்.

பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு படி இறங்கும்போது பயந்து பின்னால் சாய்ந்தால், பாரம் பின்னுக்கு இழுக்கும், கால் முன்னால் வழுக்கும். முன்னால், படியை நோக்கித்தான் சாய வேண்டும். மோகலிலும் அதேதான். இது எனக்கு எலும்பில் ஊறின பாடம். மூன்று திருப்பம் இறங்கி நின்றேன். பின்னால் சம்பந்தி வந்து இடிக்கிற தூரத்தில் நின்றார். மறுபடி மூன்று. காலடியில் இருக்கிற மேட்டைப் பார்க்கக் கூடாது, அதற்கு அடுத்ததற்கும் அடுத்ததைப் பார்க்க வேண்டும் என்று சம்பந்தி மேலிருந்து புத்தகத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார். மூட்டத்தில் அடுத்த மேடே தெரியவில்லை.

அடுத்த பள்ளம் முழுக்க இறுகின பனி. ஸ்கீ கரகரவென்று சத்தம் போட்டது. போன வருஷம் கேட்ட அதே சத்தம். அவ்வளவுதான், என் உடம்பு என்னைக் கேட்காமல் பின்னால் உட்கார்ந்துவிட்டது. ஸ்கீ இரண்டும் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடின. அடுத்த மேடு என்னைத் தூக்கியது. வானமா தரையா தெரியாத வெள்ளைக்குள் புரண்டு, பக்கவாட்டில் விழுந்தேன்.

வலி தெரியவில்லை. அதுதான் பயம். போன வருஷமும் முதலில் வலி தெரியவில்லை. வலது காலை அசைத்துப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கிடந்தேன். அசைத்தால் தெரிந்துவிடும். அசைக்காதவரை முட்டி இருக்கிறது. லாரி ஏறுவது, படி ஏறுவது, யார் தோளையும் பிடிக்காமல் மகள் வீட்டுக்குப் போய் நிற்பது எல்லாம் அதுவரை இருக்கிறது.

பனியைச் சுரண்டிக்கொண்டு சம்பந்தி பக்கவாட்டில் வழுக்கி வழுக்கி வந்தார். திரும்பவே இல்லை, ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்காக வைத்துக்கொண்டு அப்படியே இறங்கினார். எனக்கு மேல்பக்கம் குறுக்கே நின்றார், வேறு யாரும் என் மேல் வந்து விழாதபடி.

"முட்டியை மடக்கிப் பாருங்க."

"பயமா இருக்கு சம்பந்தி."

அந்த வார்த்தையை நான் வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் மிச்சமும் வந்துவிட்டது. போன வருஷம் விழுந்தது, கோடவுன் பொய், டாக்டர் சொன்னது, எல்லாம். அவர் குச்சியில் சாய்ந்தபடி கேட்டார்.

"எனக்கு மட்டும் என்ன," என்றார். "பொங்கலுக்கு நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சுத்தான் நானும் வர்றேன்னு சொன்னேன். நீங்க சொல்லவே இல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கால் அசைந்துவிட்டது. முட்டி மடங்கியது. இன்னொரு தடவை மடக்கினேன். மடங்கியது. கொஞ்ச நேரம் பனியில் அப்படியே கிடந்து மூச்சு விட்டேன்.

மிச்சச் சரிவை அவர் மாதிரியே பக்கவாட்டில் வழுக்கியே இறங்கினோம், பயிற்சியாளரின் குரல் வந்த பக்கமாக, ஒருவர் பேரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு. அழகான இறக்கம் இல்லை. பயம் கடைசிவரை போகவும் இல்லை.

மூட்டத்திலிருந்து வெளியே வந்ததும் மகள் ஓடி வந்தாள். என் முதுகு முழுக்கப் பனி.

"விழுந்தீங்களா அப்பா?"

சம்பந்தி கையுறையைக் கழற்றுவதில் ரொம்ப மும்முரமானார். என்னை என் இஷ்டத்துக்கு விட்டார். நான் எதைச் சொன்னாலும் அவர் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

"விழுந்தேம்மா. ஏழாவது மேட்டுல."

"எட்டாவது," என்றார் சம்பந்தி. "நான் எண்ணினேன்."

மகள் குனிந்து என் வலது முட்டியைத் தொட்டாள். "கோடவுன்ல அடிபட்ட முட்டிதானே இது?"

"கோடவுன்ல இல்ல. இங்கதான். போன வருஷம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் ஸ்கீ இரண்டையும் எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, நான் பிடித்துக்கொள்ள வசதியாக மறு தோளைக் கொஞ்சம் தாழ்த்தினாள். பிடித்துக்கொண்டேன்.