பத்து மெகா சித்ரகலா

தங்கவேலு முதலாளி சித்ரகலாவுக்குத் தர வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். முன்னூற்றுப் பத்து பனியன். ஒன்றுக்கு முன்பக்கம் பின்பக்கம் சேர்த்துப் படம் எடுத்துக் கொடுக்க அறுபது ரூபாய். இந்தக் கணக்கைப் போட சித்ரகலாவுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. தங்கவேலு கம்பெனி ஆபீஸில் கணக்குப் பார்க்க மூன்று கம்ப்யூட்டர் இருந்தும், பதினோரு வாரமாக அந்தத் தொகை எதிலும் தட்டுப்படவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், சம்பளக் கவர் கொடுக்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, அவர் வந்து ஆபீஸ் கதவுக்கு எதிரே கிடக்கும் துணி ரோலின் மேல் உட்கார்ந்துகொள்வார். மடியில் கேமரா. கட்டிங்கில் விழுந்த வெள்ளைத் துண்டுத் துணியால் லென்ஸைத் துடைப்பார். லென்ஸ் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கும். பணம் என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க" என்பார். முதலாளியும், "செரி அம்மிணி, காப்பி குடிச்சுப்போட்டுப் போ" என்பார். காப்பி பத்து ரூபாய் என்று வைத்தால், பதினோரு வாரத்தில் நூற்றுப் பத்து ரூபாய் கடனை அடைத்துவிட்ட திருப்தி முதலாளிக்கு இருந்திருக்கலாம்.

குண்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவர் சித்ரகலா. அதற்கு மேல் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்திடம் ஒன்றும் இல்லை என்பது அவர் கருத்து. பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வந்து, பதினான்கு வருடம் செக்கிங் டேபிளில் நின்றார். ட்யூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து, நல்லது வலது பக்கம், ரிஜெக்ட் இடது பக்கம். நாளைக்கு எண்ணூறு பீஸ். "என்ற கண்ணுக்குத் தப்பிச்ச ஓட்டை இன்னும் இந்த ஊர்ல விழுகலீங்க" என்று சொல்லிக்கொள்வார். கல்யாண வீட்டில் மணப்பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தும் அவர் சொன்னது, "புள்ள லட்சணமா இருக்குதுங்க. ஜாக்கெட்டுல மட்டும் ரெண்டு தையல் தாண்டியிருக்குது."

இந்த ஊரில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கு அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்தை அழகாகப் போடத் தெரிந்தவர்கள் அவர்களிடம் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். படித்தவர்கள் யாராவது இதை மறுப்பதாக இருந்தால், முதலில் அவனாசி ரோட்டில் இருக்கிற கம்பெனிகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துவிட்டு வரட்டும். சித்ரகலா கன்டெய்னர் அனுப்பவில்லை. ஆனால், கன்டெய்னரில் போன பனியன் எந்த நாட்டுக் கடையில் தொங்குவதற்கு முன்னாலும் அவர் எடுத்த படம் முதலில் போயிருக்கிறது.

கேமரா கைக்கு வந்தது, குடியிருந்த லைன் வீட்டில் பக்கத்துக் கதவுக்காரரான கல்யாண போட்டோகிராபர் ஊரைக் காலி செய்தபோது. ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, செக்கிங் டேபிளை விட்டுப் படம் எடுக்க இறங்கினார். அப்போதே அது பழையது. அதுவும் புதிதாகப் பழக வருகிறவர்களுக்கென்று செய்த ஆரம்ப ரகம். பத்து மெகாபிக்சல். கழுத்துப் பட்டை அறுந்துபோய், பனியனின் கழுத்துக்குள் வைத்துத் தைக்கும் நாடாவை மடித்துத் தைத்துப் போட்டிருக்கிறார். பேட்டரி மூடி திறந்துகொள்ளாமல் இருக்க ஜட்டிக்குப் போடும் இடுப்பு எலாஸ்டிக்கை ஒரு சுற்று. லென்ஸ் மூடி தொலைந்து எட்டு வருடம் ஆகிறது. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டில் இழுத்துப் பிடிக்கும் ரிப் துணி ஒன்றை முனையில் தைத்துக் குல்லா மாதிரி மாட்டியிருக்கிறார். அந்தக் கேமராவில் தயாரித்த நாட்டுக்காரன் பங்கு குறைந்து திருப்பூர் பங்கு கூடிக்கொண்டே வந்தது. யாராவது பார்த்துச் சிரித்தால், "பத்து மெகா போதுமுங்க. பனியன் என்ன, பாஸ்போர்ட்டுக்கா நிக்குது?" என்பார்.

பதினோரு வாரத்துக்கு முன்னால் கம்பெனிக்குள் இன்னொரு கேமரா வந்தது. கொண்டுவந்தவர் முதலாளியின் மகன் அருண்குமார். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்தவர். முடித்தது தெரியும்படியே எப்போதும் பேசுவார். கேமராவின் விலை இரண்டேகால் லட்சம், லென்ஸ் தனி. பூஜை போட்டார்கள். எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் தொட்டு வைக்கும்போது, முதலாளியம்மா பக்தியில் லென்ஸ் கண்ணாடியின் நட்ட நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். மகன் போட்ட சத்தத்தில் கட்டிங் மாஸ்டர் கத்தரியைக் கீழே போட்டார்.

அதன் பெருமைகளை அருண்குமார் விளக்கினார். நாற்பத்தைந்து மெகாபிக்சல். நூற்றைம்பத்து மூன்று இடத்தில் தானாக ஃபோகஸ் பிடிக்கும். ஓடுகிற சிறுத்தையையும் விடாதாம். தங்கவேலு கம்பெனியில் படம் எடுக்க வேண்டியது தலையில்லாத டம்மி மேல் மாட்டிய பனியன். அது ஓடியதாக இதுவரை தகவல் இல்லை. ஒரு நொடிக்கு ஏழு படம் எடுக்கும். தலையே இல்லாத டம்மி கண் சிமிட்டிவிடுமே என்ற பயம் அந்த வீட்டில் இனி யாருக்கும் இல்லை. மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாதாம்; ஏசி அறைக்குள் மழை பெய்வதுதான் பாக்கி. சித்ரகலாவின் கேமராவோ ஒன்பது இடத்தில் தேடும், அதில் ஐந்து இடம் செத்துவிட்டது. நொடிக்கு மூன்று படம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார்கள். பெட்டியைச் சித்ரகலா பார்த்ததில்லை.

நியாயமாகச் சொன்னால், புதியது எடுத்த படம் படம்தான். கறுப்புப் பனியனைப் பழைய கேமரா எடுத்தால் சுவரில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். புதியதில் கறுப்புக்குள்ளே மடிப்பு தெரியும், மடிப்புக்குள்ளே நூல் தெரியும். சித்ரகலா அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் குனிந்து நூல் நூலாகப் பார்த்தார். பிறகு, "வெயிட்டு சாஸ்திங்க. கை வலிக்கும்" என்றார். கையில் வாங்கிப் பார்க்க யாரும் அவரிடம் கொடுத்திருக்கவில்லை.

அன்றைக்கே அருண்குமார் சொல்லிவிட்டார். இனிமேல் படம் எல்லாம் தானே எடுப்பதாகவும், பழைய கேமராவில் எடுத்த முன்னூற்றுப் பத்தும் தரம் பத்தாது, அதற்கான பில்லை ஹோல்டில் வைத்திருப்பதாகவும். அந்தத் தரம் பத்தாத படங்களைக் காட்டித்தான் அந்த சீசன் ஆர்டரையே பிடித்திருந்தார்கள் என்பது எம்.பி.ஏ. பாடத்தில் வரவில்லை போலிருக்கிறது. சித்ரகலா சண்டை போடவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்து துணி ரோல் மேல் உட்கார்ந்தார்.

பதினோராவது வாரம் வந்தது வினை. சன்னக் கோடு கோடாக ஓடும் ரிப் துணியில் காலர் வைத்த பனியன், ஆறு கலர், எட்டாயிரத்து நானூறு பீஸ், பெட்டி கட்டி வண்டிக்குக் காத்திருந்தது. அருண்குமார் ஆறு கலரையும் புதுக் கேமராவில் எடுத்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. துணியில் பட்டை பட்டையாக அலை தெரிகிறது, சரக்கை அனுப்ப வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆமாம், நெஞ்சுப் பகுதி முழுக்க வளைந்து வளைந்து பட்டை. சில இடத்தில் வானவில் நிறம் வேறு.

திருப்பூர்க்காரனுக்குப் படத்தில் பட்டை தெரிந்தால் துணியில் பட்டை என்றுதான் புத்தி போகும். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கேமராவைத் திருப்பிப் பார்த்திருப்பான். நாற்பது பெட்டியைப் பிரித்தார்கள். செக்கிங் ஆட்கள் இரண்டு நாள் விரித்துப் பார்த்தார்கள். கலர் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்தார்கள். எங்கேயும் பட்டை இல்லை. துணி ஓட்டிக் கொடுத்த நிட்டிங் யூனிட்காரர் முனீஸைக் கூப்பிட்டு, மொத்தத் துணியின் விலையையும் அவர் பில்லில் கழித்து டெபிட் போடப் போவதாகச் சொன்னார்கள். முனீஸ் தெற்கத்திக்காரர்; மெதுவாகத்தான் பேசினார். "அண்ணாச்சி, துணி பூராவும் நானே எடுத்துக்கிடுதேன். பட்டை எங்கன இருக்குன்னு விரலை வச்சு மட்டும் காட்டுங்க."

"கண்ணுக்குத் தெரியாது முனீஸ், இது நாப்பத்தஞ்சு மெகாபிக்சல்" என்றார் அருண்குமார்.

விஷயம் இந்த நிலையில் இருக்கும்போது சனிக்கிழமை வந்துவிட்டது. சித்ரகலாவும் வந்தார். காப்பி கொடுக்க ஆள் இல்லை. எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார்கள். தம்ளர் வராததில் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்து, எழுந்து பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் டம்மியில் இருந்த பனியனைக் கழற்றிக் குறுக்காக மாட்டினார். "இப்ப எடுங் கண்ணு" என்றார். அருண்குமார் எடுத்தார். பனியன் குறுக்கே கிடந்தது. பட்டை வேறு தினுசாக வளைந்திருந்தது. ஒரு அடி பின்னால் போய் எடுக்கச் சொன்னார். பட்டை மெலிந்து வேறு இடத்தில் உட்கார்ந்தது.

"துணியில இருக்கற பட்டை துணியோட திரும்புமுங்க. இது கேமராவோட நடக்குது" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. சாம்பிள் அறையில் விளையாட்டுச் சட்டைக்கு வைத்திருந்த நெட் துணியில் இரண்டு துண்டு எடுத்து வந்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து லேசாக நகர்த்தினார். நெட்டின் மேல் குளத்துத் தண்ணீர் மாதிரி அலை அடித்தது. பிரித்துக் காட்டினார், இரண்டு துண்டிலும் அலை இல்லை. ரிப் ஒரு கோட்டு வரிசை, கேமராவுக்குள்ளே இருக்கிற புள்ளிகள் ஒரு வரிசை, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் வருவதுதான் இது என்று முனீஸ்தான் முதலில் புரிந்துகொண்டார். அவருக்குத்தான் அவசரம் அதிகம்.

சித்ரகலா பழைய கேமராவில் ஒரு படம் எடுத்தார். பட்டை இல்லை. அருண்குமார் கேமரா விற்ற கடைக்கு போன் போட்டார். கடைக்காரர் விவரம் சொன்னார். பழைய ரகத்தில் படத்தைச் சற்றே மழுக்கிவிடும் சன்னக் கண்ணாடி ஒன்று உள்ளே உண்டாம், அது இந்த அலையை விடாதாம். கூர்மை குறைகிறது என்று புதியதில் அதை எடுத்துவிட்டார்களாம். எடுத்ததற்கும் சேர்த்துத்தான் இரண்டேகால் லட்சம்.

இந்த இடத்தில் சித்ரகலா தன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் கதை நன்றாக இருந்திருக்கும். ஆனால், பழையதில் அந்தக் கறுப்புக் கலர் மறுபடியும் சுவர் ஓட்டையாகத்தான் வந்திருந்தது. அதை அவரே பார்த்து இடது பக்கம் தள்ளினார். புதுக் கேமராவுக்குக் கையை நீட்டினார். அருண்குமார் கொடுத்தார். நான்கு எட்டு வைத்துப் பின்னால் போய், கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, ஆறு கலரையும் எடுத்தார். ஆறிலும் பட்டை இல்லை. கறுப்பில் மடிப்பு தெரிந்தது. எடுத்து முடித்த பிறகும் கண்ணை அதிலிருந்து எடுக்காமல், வெறும் சுவரை, ஜன்னலை, தலையில்லாத டம்மியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது அதைத் துண்டுத் துணியால் துடைத்தார்.

"கேமரா நல்லாத்தானுங்க இருக்குது. பின்னாடி நிக்கறவிய கொஞ்சம் தள்ளி நிக்கோணும்."

செவ்வாய்க்கிழமை பையர் சரி என்று எழுதிவிட்டார். வண்டி கிளம்பியது. முனீஸுக்கு டெபிட் இல்லை.

அடுத்த சனிக்கிழமை துணி ரோல் மேல் உட்காரும் முன்பே உள்ளே கூப்பிட்டார்கள். அருண்குமார், இனிமேல் புதுக் கேமராவில் அக்காவே எடுக்கட்டும் என்றார். பழைய பாக்கியை மட்டும் ரவுண்டாகப் பதினைந்தாயிரம் என்று முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ரவுண்டு என்ற சொல்லுக்கு எப்போதும் குறைவது என்று அர்த்தம் எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்களோ தெரியவில்லை.

"முன்னூத்திப் பத்து பீஸுங் கண்ணு. போன வாரம் ஆறு. பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவது."

"அந்த ஆறு நம்ம கேமராலதானக்கா எடுத்தீங்க?"

"கேமரா உங்குளுதுதானுங்க. தள்ளி நின்னது நானுங்க."

தங்கவேலு முதலாளி மகனைப் பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்தார். சித்ரகலா வலது உள்ளங்கையை நீட்டினார். முதலாளி ஒவ்வொரு நோட்டாக எண்ணி அதில் வைத்தார். வைக்க வைக்க, சித்ரகலா இடது கையால் எடுத்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, முன்பக்கம் பின்பக்கம் பார்த்து, மேஜையில் வலது பக்கம் அடுக்கினார். அவசரமே இல்லை. இருபத்தொன்பதாவது ஐந்நூறு ரூபாய் நோட்டில் நடுவே கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அதை இடது பக்கம் வைத்தார். முதலாளி தன் சட்டைப் பைக்குள் கைவிட்டு வேறு ஒன்றை எடுத்து, அவரே ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நீட்டியபடியே இருந்த அந்த உள்ளங்கையில் வைத்து, "இருபத்தொம்பது" என்றார்.