சுவரில் தங்கிய நிழல்

அறிவியல் கூடத்துக்கு வருபவர்கள் என்ன கற்றார்கள் என்று கேட்டுக் குறிப்பது என் வேலை. விளக்கு மின்னியதும் நிழலைச் சற்று நேரம் பிடித்து வைக்கும் சுவரைவிட்டு ஒரு சிறுமி விலகி வந்தாள்.

“என்னம்மா தெரிஞ்சுக்கிட்ட?”

“நான் வந்துட்டேன், அது வரலைலா அங்கிள்.”

ரெம்பாவ் ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில், பால்மரம் வெட்டிவிட்டு வந்து அப்பா தினமும் சாயும் சுவரில் அவருடைய தலை எண்ணெய் கறையாகப் படிந்திருந்தது. அவர் இறந்தபிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பார். காய்ந்ததும் கறை மறுபடி மேலே வந்துவிடும்.

“சாயாதீங்கன்னா கேக்க மாட்டீங்களா?” என்று சுவரைத் திட்டுவார், அப்பாவைத் திட்டிய அதே குரலில்.

சிறுமியின் தாளில் ‘புரிந்தது’ என்று குறித்தேன். பிறகு நானும் அந்தச் சுவரில் சாய்ந்தேன். விளக்கு மின்னியது. விலகித் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா சாய்ந்திருந்தார்.